மலர்தலுக்கு வேற வார்த்தை?

கேள்வி: 'மலர்தல்'ங்கிறதுக்கு பூத்தல் தவிர வேற என்ன சொல்லலாம்? ஒரே கவிதைல மலர்ந்தது மலர்ந்ததுன்னே வருது, போரடிக்குது.

பதில் 1: அலர்தல், அவிழ்தல், விரிதல், முகிழ்த்தல்னு நிறைய இருக்குங்க. ஆனா முகிழ்த்தல்னா அரும்பு விடுறது, முழுசா விரிஞ்ச பூவுக்குப் போட்டா ஒட்டாது.

பதில் 2: அலர் போடறப்ப கவனம், சங்கப் பாட்டுல அதுக்கு காதலைப் பத்தி ஊர் பேசுற கிசுகிசுன்னும் அர்த்தம், குறள்ல 'அலரறிவுறுத்தல்'னு 115வது அதிகாரமே இருக்கு. அப்படியே 1227வது குறளும் பாருங்க, காதல் நோய் காலைல அரும்பி பகலெல்லாம் போதாகி (அதாவது விரியப்போற மொட்டாகி) மாலைல மலருதுன்னு மூணு ஸ்டேஜும் வந்துடும், செம இல்ல?

பதில் 3: பூக்கிறது பூவுக்கு மட்டும் இல்லையே, காத்திருந்தா கண்ணு பூத்துப்போகும், நெருப்பு மேல நீறு பூக்கும். அங்கெல்லாம் மலர்ந்துச்சுன்னு எழுதிடாதீங்க, சிரிப்பாங்க 😄