ஏற்காட்டில் எடுத்த கம்ப்ரஷன் அளவு குறைவாக வந்தது: இந்த டர்போ பெட்ரோல் காரை வாங்கலாமா?

கேள்வி – அஸ்தம்பட்டிக்காரன்

வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து, சுமார் 230 குதிரைத்திறன் கொண்ட 2.0 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் செடான் ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். வண்டியை அவர் வீட்டு வாசலிலேயே வைத்து கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்ததில், நான்கு சிலிண்டர்களிலும் முறையே 152, 150, 124, 151 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வந்தது. இதே இன்ஜின் உள்ள நண்பரின் காரில், சேலத்தில் எடுத்தபோது, நான்குமே 175ஐ ஒட்டி நின்றன. ஸ்கேனரில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. ஓட்டும்போதும் குறை தெரியவில்லை. இன்ஜின் முழுவதுமே தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வதை ஏற்று விலகிவிடலாமா?

மறுமொழி – பட்டறை மேசை

அவசரப்பட வேண்டாம். உங்கள் மெக்கானிக் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் பார்க்கிறார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. மலைமேல் காற்றழுத்தம் 13, 14 சதவீதம் குறைவு என்பதால் கேஜ் முள்ளும் ஏறத்தாழ அதே அளவு கீழே நிற்கும். அங்கே வந்த 152 என்பது சேலத்தில் 175க்கு நிகர். அதாவது மூன்று சிலிண்டர்கள் நண்பரின் காருக்குச் சளைத்தவை அல்ல. கவலைக்குரியது மூன்றாவது சிலிண்டர் மட்டுமே. மிகக் குறைந்த அளவு, மிக அதிகமான அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற பட்டறைக் கணக்கில் அது தேறிவிடும் என்றாலும், மற்ற மூன்றும் இவ்வளவு நெருக்கமாக இருக்கையில் ஒன்று மட்டும் விலகி நிற்பதை நான் சும்மா விடமாட்டேன்.

கசிவு எந்த வழியாகப் போகிறது என்பதை அறிய லீக் டவுன் டெஸ்ட் வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போதே, அந்த பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பாருங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை. 20ஐத் தாண்டினால், காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் பலமாக வந்தால் பிஸ்டன் ரிங், கூலன்ட் தொட்டியில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால், கியரில் போட்டு கிராங்கை நிறுத்த முடியாது; கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட கைப்பிடியை மாட்டி ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று பாய்ந்ததும் அது சுழலப் பார்க்கும், விரல் பத்திரம்.

மறுமொழி – இருபதாவது வளைவு

மேலே சொன்னதோடு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாழ்ந்த கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறக்கி, அடிவாரத்தில் பாதை நேரானதும் ஒருமுறை நன்றாக மிதியுங்கள். பின்னால் வருபவர் நீலப் புகையைக் கண்டால், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல் அல்லது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வைச் சந்தேகிக்கலாம். இறக்கத்தில் இன்டேக்கில் உருவாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சிக்கொள்வதால், இந்தச் சோதனை சமதளத்தில் அவ்வளவு தெளிவாக அமையாது. ஈசியு ரீமேப் (கூடுதல் சக்திக்காக இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்யப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்

இருவருக்கும் நன்றி. புகை இல்லை, ரீமேப்பும் இல்லை என்கிறார் விற்பவர். லீக் டவுனில் மூன்றாவது 24 சதவீதம், மற்றவை 8க்குள். காற்று த்ராட்டில் பக்கமே சீறியது. போரோஸ்கோப்பில் (துளை வழியாக உள்ளே பார்க்கும் கேமரா) சிலிண்டர் சுவரின் ஹோனிங் கோடுகள் (தயாரிப்பின்போது இழைத்த குறுக்குக் கீறல்கள்) தெளிவாகத் தெரிந்தன.

மறுமொழி – பட்டறை மேசை

அப்படியானால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) நலம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால், அது இன்டேக் வால்வின் முதுகைக் கழுவுவதே இல்லை. ஆயில் ஆவி அங்கே கரியாகப் படிந்துவிடும். அந்தக் கரித்துணுக்கு, வால்வு பதிந்து மூடும் சீட்டில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. விற்பவர் செலவில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யச் சொல்லி, மறுபடி லீக் டவுன் எடுங்கள். கசிவு 10க்குள் வந்தால் வாங்கலாம். வராவிட்டால் வால்வு வளைந்திருக்கலாம், அல்லது சீட் கெட்டிருக்கலாம். ஹெட்டைக் கழற்றும் செலவை விலையில் கழிக்க அவர் சம்மதிக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.