படுத்த படுக்கையான பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு ஊர்கூடி உதவி: எங்கிருந்து தொடங்குவது?

பாலக்கோடு வாசி கேட்டது:
வணக்கம். எங்கள் ஊராட்சியில் பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். படுக்கையில் விழுந்த பெரியவர்களை மருமகளோ, வயதான துணையோ தனி ஆளாகப் பார்க்கிறார்கள். வெளியூர் இளைஞர்கள் மாதாமாதம் பணம் தரத் தயார். மகளிர் குழுவும் வருகிறோம் என்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சேர்த்துக்கொண்டு எப்படி அமைப்பது? முதலில் காற்று மெத்தை, சக்கர நாற்காலி வாங்கி வைத்துவிடலாமா?

களப்பணி:
பொருள் வாங்குவதைக் கடைசியில் வையுங்கள். முதலில் வீடு வீடாகக் கணக்கெடுங்கள். பெரியவரின் நோயை மட்டும் எழுதினால் போதாது. பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு என்ன வயது, என்ன நோய், இரவில் எத்தனை முறை எழுகிறார், கடைசியாக எப்போது வீட்டை விட்டு வெளியே போனார் என்று கேளுங்கள். உதவி யாருக்கு அவசரம் என்பதை அந்தப் பதில்கள்தான் காட்டும்.

மருத்துவத்தை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். வீடு தேடி வரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதன் வழியாக வீட்டுக்கே வர வேண்டும். உங்கள் பட்டியலை மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, செவிலியர் எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருகிறார் என்று கேட்டு வாங்குங்கள். விட்டுப்போன வீடு அப்போதே தெரிந்துவிடும்.

ஊர் கொடுக்க வேண்டியது நேரம். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் ஓய்வு. எந்த நேரம் என்பதை அவரே சொல்லட்டும். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் நேரம், நூறுநாள் வேலை நேரம் இரண்டும் குறுக்கே வரும். எப்போதும் அதே இருவர் போக வேண்டும். ஆளைத் தூக்கித் திருப்ப இருவர் வேண்டும், புதுப்புது முகங்கள் வந்தால் பெரியவரும் மிரள்வார். ஆண் முதியவரைத் துடைத்துவிட ஆண் ஆள் வேண்டும். மகளிர் குழுவை மட்டும் நம்பி ஆரம்பித்தால் இங்கேதான் சிக்கும். ஒரு ஜோடிக்கு இரண்டு வீட்டுக்கு மேல் கொடுத்தால் மூன்றாம் மாதமே வருகை நின்றுவிடும், கவனம்.

பணத்துக்கு வங்கியில் கூட்டுக் கணக்கு, இருவர் கையெழுத்து. வரவு செலவைக் கிராம சபையில் வாசித்துவிடுங்கள்.

இயன்முறை:
காற்று மெத்தை போட்டால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியதில்லை என்று நினைப்பது பெரிய தவறு. மெத்தை இருந்தாலும் திருப்ப வேண்டும், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். மின்சாரம் போனால் காற்று இறங்கி, ஆள் கட்டில் பலகையில் கிடப்பார். இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை.

முழுக்க ஒருக்களிக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து சுமார் 30 பாகை சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு துணிச்சுருள். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை, குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும்தான் அடையாளம். அங்கே எண்ணெய் தேய்க்கவே கூடாது, உள்ளே நைந்த தசை இன்னும் கிழியும். டயர் வடிவ வளையமும் வேண்டாம், சுற்றிலும் அழுத்தி நடுவில் இரத்தம் போகாமல் செய்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரு மாவட்டத்திலும் இன்னொன்று உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்தவர்களுக்குக் கழுத்தும் முதுகும் இறுகியிருக்கலாம். வயசாச்சு என்று நினைத்து மூட்டுகளை வலிந்து வளைக்காதீர்கள். எந்த அளவுக்கு மடக்கலாம் என்று இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே பயிற்சி.

செவிலி அக்கா:
பக்கவாதம் வந்தவருக்குக் களியைப் பற்றி எல்லா வீட்டிலும் சொல்லுங்கள். நாம் மெல்லாமல் விழுங்கிப் பழகியவர்கள், விழுங்கும் தசை பலவீனமானவருக்கு அந்த உருண்டை தொண்டையை அடைத்துவிடும். நீரோ புரையேறி நெஞ்சுக்குள் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுத் தாழ்ந்திருக்க, கெட்டியான கூழை அரைத் தேக்கரண்டி அளவாகக் கொடுங்கள். முன்பு கொடுத்த வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இருமல் வந்தாலோ, பேசும்போது குரல் சளி கட்டியதுபோல் ஒலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், அதன் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது.

பார்த்துக்கொள்பவருடைய இரத்த அழுத்தத்தையும் அதே நாளில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் தங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் அடுத்தவரைக் கவனிக்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டைக்காரர்:
எங்கள் பக்கம் பின்பற்ற நினைப்பவர்களுக்கு: ஜோடி சேர்க்கும்போது மொழியைப் பாருங்கள். கன்னடமோ தெலுங்கோ பேசும் பாட்டி, நினைவு மங்கும்போது தமிழை விட்டுவிடுவார். யானை நடமாடும் ஊர்களில் மாலை முறை வைக்கவே வேண்டாம், வெயில் நேரமே போதும். பிள்ளைகள் கைவிட்ட வீடு என்றால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி கோட்டாட்சியரிடம் பராமரிப்பு மனுவும் கொடுக்கலாம், ஆனால் பெரியவர் சம்மதம் கேட்ட பிறகு.

பாலக்கோடு வாசி:
ரொம்ப நன்றி. மெத்தைக்கு வைத்த பணத்தை நிறுத்திவிட்டோம். ஞாயிறன்று கணக்கெடுப்பு, அதற்குள் ஆண்களில் நான்கு பேரையாவது சேர்க்கப் பார்க்கிறோம். பட்டியல் இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் மருத்துவ நிலைய முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம்தானே?

களப்பணி:
கட்டாயம் வாங்குங்கள், தேதியோடு. ஆனால் அந்தப் பிரதியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதில் அடுத்தவர் வீட்டு நோய் விவரம் இருக்கிறது.