ஸ்கோலியோசிஸ் முதுகில் நரம்பு அமுக்கம்: எந்தப் பக்கம் படுப்பது, எந்தப் பயிற்சியை விடுவது?

வளைவு38:
வணக்கம். எனக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. இடுப்புப் பகுதியில் வளைவு, இடப்பக்கம் புடைத்தது, காப் கோணம் (எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் கோணம்) 38 பாகை. எம்ஆர்ஐ அறிக்கையில் இரண்டு விஷயங்கள்: எல்3-எல்4 (இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மூன்றாம், நான்காம் எலும்புகள்) இடையே வலப்பக்க நரம்புத் துளை (நரம்பு வெளியே வரும் வழி) நன்றாகக் குறுகியிருக்கிறது, அடிமுதுகில் எல்5-எஸ்1 எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. வலி வலது தொடையின் முன்பக்கமாக இறங்கி முழங்காலின் உள்பக்கம் வரை எரிகிறது. நின்றால் கூடுகிறது, உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் அடங்குகிறது. இணையத்தில் கிடைக்கும் சயாட்டிகா பயிற்சிகள் எதுவும் ஒத்துவரவில்லை, சிலவற்றில் எரிச்சல் ஏறுகிறது. எந்தப் பக்கம் படுக்க வேண்டும்? நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைக்கலாமா? எந்த நீட்சிப் பயிற்சி பாதுகாப்பு? பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது தேவையா?

இயன்முறை:
பயிற்சி ஒத்துவராததற்குக் காரணம் இருக்கிறது. இது சயாட்டிகா இல்லை. சயாட்டிக் நரம்பு எல்4 முதல் எஸ்3 வரையிலான நரம்பு வேர்கள் (முதுகெலும்பிலிருந்து கிளம்பும் நரம்புகளின் தொடக்கம்) சேர்ந்தது. அதன் வலி பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகத்தான் போகும். எல்3-எல்4 துளை வழியே வெளியே வருவது எல்3 வேர். அது தொடையின் முன்பக்கத்துக்கும் முழங்காலின் உள்பக்கத்துக்கும் போகிறது. படமும் வலியும் ஒத்துப்போகின்றன. எல்5-எஸ்1 பிதுக்கத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வலியே இல்லாதவர்களின் படத்திலும் அது சகஜம்.

வளைவின் குழிந்த பக்கத்தில் எலும்புகள் நெருங்குவதால் அந்தப் பக்கத் துளைகள் சுருங்கும். உங்களுக்குக் குழிந்தது வலம். நிற்கும்போது இடுப்பு பின்னால் வளைந்து, உடல் எடையும் இறங்க, மிச்சமிருக்கும் இடமும் போய்விடுகிறது. முன்னால் சாய்ந்தால் துளை கொஞ்சம் திறக்கிறது. ஆக, எந்த அசைவைப் பற்றியும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது வலப்பக்கத் துளையைத் திறக்கிறதா, மூடுகிறதா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்யச் சொல்லும் பொதுப் பயிற்சிகளில் பாதி உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

படுக்கை: இடப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் சுமார் 8 செ.மீ. தடிமனுக்குச் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். அது புடைத்த பக்கத்தை மேல் நோக்கித் தள்ளும், வலப்பக்கம் விரியும். சுருளை விலா எலும்பின் மேல் வைத்தால் பயனில்லை, விலாதான் வலிக்கும். முதலில் 5 நிமிடம். தொடை எரிச்சல் குறைந்தால் மெல்ல 15 நிமிடம் வரை. எரிச்சல் முழங்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என மேலே சுருங்கி வந்தால் நல்ல அறிகுறி, இடுப்பு வலி அப்போது கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கீழே இறங்கினால் சுருளை எடுத்துவிடுங்கள்.

முழங்கால்களுக்கு நடுவே தலையணை கட்டாயம். மெல்லிய தலையணை போதாது. மேல் தொடை படுக்கைக்கு இணையாக நிற்கும் தடிமன் வேண்டும். இல்லையென்றால் மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பைத் திருகிவிடும். மல்லாந்து படுப்பதானால் முழங்காலுக்கு அடியில் ஒரு தடித்த தலையணை. குப்புறப் படுப்பதை விட்டுவிடுங்கள்.

நீட்சி: முன்தொடை இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். அதை நம்பி, நின்றுகொண்டு குதிகாலைப் பிட்டத்துக்கு இழுக்கும் நீட்சியைச் செய்கிறார்கள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் நரம்பை இரண்டு முனையிலும் பிடித்து இழுக்கும் வேலை அது. அந்த இறுக்கம் பெரும்பாலும் தசையுடையதல்ல, நரம்புடையது. இழுக்காமல் நகர்த்த வேண்டும்:

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கீழே உள்ள முழங்காலை மார்போடு பிடித்துக்கொள்ளுங்கள். வலது முழங்கால் 90 பாகை மடங்கியிருக்கட்டும். வலது தொடையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோகும்போது தலையையும் பின்னால் சாயுங்கள். தொடை முன்னால் வரும்போது தாடையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். தொடையும் தலையும் எப்போதும் ஒரே திசையில் போக வேண்டும். எதிரெதிராகப் போனால் நரம்பு நகராது, இழுபடும். எரிச்சல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே திரும்பிவிடுங்கள், எங்கும் நிறுத்திப் பிடிக்காதீர்கள். 10 தடவை, நாளுக்கு இரண்டு வேளை. செய்து முடித்து அரை மணிக்கு மேல் எரிச்சல் நீடித்தால் அசைவின் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

புஜங்காசனம், தனுராசனம், வலப்பக்கம் சாயும் எல்லா ஆசனங்களும் இப்போது வேண்டாம். வலி முற்றினால் தரையில் மல்லாந்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து 10-15 நிமிடம் படுத்திருங்கள். பெரும்பாலும் அது ஒன்றே அடக்கும்.

ஊசிமுனை:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு தூங்கிவிட வேண்டாம். 8 செ.மீ. சுருள் இரவு முழுக்க இருந்தால் காலையில் இடப்பக்கத் தசை பிடித்துக்கொள்ளும். தூக்கத்துக்குத் தலையணை மட்டும் போதும்.

நாற்காலி பற்றி யாரும் சொல்லவில்லை. கடையில் கிடைக்கும் முதுகுத் தலையணைகள் முதுகு சமதளம் என்று நினைத்துச் செய்தவை. உங்கள் முதுகெலும்பு வளைந்திருப்பதோடு திருகியும் இருக்கிறது. இடுப்பில் இடப்பக்கம் பின்னால் புடைத்தும் வலப்பக்கம் பள்ளமாகவும் இருக்கும். தலையணை இடப்பக்கத்தை மட்டும் முட்டும், போதாக்குறைக்கு இடுப்பைப் பின்னால் வளைக்கும். அதற்குப் பதில் 1-2 செ.மீ. தடிமனுக்கு மடித்த துணியை வலப்பக்கப் பள்ளத்தில் மட்டும் வையுங்கள். சாய்மானம் 100 முதல் 110 பாகை. கையுள்ள நாற்காலி நல்லது, முன்கைகள் தாங்கும் எடை முதுகுக்கு இறங்காது. நின்று வேலை செய்யும்போது வலது காலை 10-15 செ.மீ. உயரப் பலகை மேல் வையுங்கள்.

காலணிக்குள் குதிகால் தக்கை வைக்கச் சொல்லி யாராவது கிளம்புவார்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் கால் நீளத்தை அளக்காமல் வைக்காதீர்கள். இடுப்பு சாய்ந்திருப்பது கால் குட்டையாக இருப்பதாலா, வளைவினாலா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. தவறான பக்கம் வைத்தால் குழிந்த பக்கம் இன்னும் குழியும்.

இடுப்பு பெல்ட் போட்டிருக்கிறீர்களா? அதன் விளிம்பு இடுப்பெலும்பின் முன்முனையை அழுத்தினால் வெளித்தொடை மட்டும் மரத்துப்போகும். அது வேறு நரம்பு, முதுகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெல்ட்டைத் தளர்த்தினால் சரியாகும். எப்படியும் பெல்ட் நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலைகளுக்கு மட்டும். வளர்ச்சி முடிந்த முதுகில் அது வளைவை நிமிர்த்தாது.

மாத்திரைப்பெட்டி:
பிரிகாபலின்: இங்கிலாந்தின் சிகிச்சை வழிகாட்டி அமைப்பான நைஸ் (NICE), 2020 திருத்தத்தில் சயாட்டிகாவுக்கு (முதுகு நரம்பு வேரால் வரும் கால்வலி எல்லாவற்றையும் அது இந்தப் பெயரில் சேர்க்கிறது) பிரிகாபலினையும் அதே வகை மாத்திரையான கபாபென்டினையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. முதுகில் வேர் அமுக்கத்தால் வரும் கால்வலிக்கு இவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இருந்தாலும் சிலருக்குத் தூக்கமாவது கிடைக்கிறது என்று மருத்துவர்கள் எழுதுவதுண்டு. ஏற்கெனவே தொடர்ந்து எடுத்துவந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னொரு கவலை: எல்3 பாதித்தால் முழங்கால் மடங்கி விடக்கூடும். இந்த மாத்திரை தலைசுற்றலும் தள்ளாட்டமும் தரும். இரண்டும் சேர்ந்தால் படிக்கட்டில் விழுவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

இபுப்ரோஃபென் வகை மருந்துகள் வலி முற்றும் நாட்களுக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பின். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வெந்நீர்ப் பை 15-20 நிமிடம், துணி சுற்றி, இடுப்பில் மட்டும். மரத்துப்போன தொடையில் வைத்தால் சுடுவது தெரியாது.

அடங்காவிட்டால் எல்3 வேருக்கு எக்ஸ்ரே பார்த்தபடி போடும் ஊசி அடுத்த படி. அது சிகிச்சை மட்டுமல்ல, சோதனையும்கூட. ஊசியில் உள்ள மரப்பு மருந்து வேலை செய்யும் முதல் சில மணி நேரத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, வழக்கமாக வலி வரும் நிலையில் நின்று பாருங்கள். எரிச்சல் வராவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் எல்3 தான். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டால் இந்தத் தகவல் வீணாகிவிடும். ஊசியில் சேரும் இன்னொரு மருந்தான ஸ்டீராய்டு (அழற்சியைக் குறைப்பது) வேலை செய்யச் சில நாள் ஆகும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவசரமானவை: பிறப்புறுப்பும் ஆசனவாயும் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் நிற்பது, மலம் அடங்காமை, இரண்டு கால்களும் பலவீனமாவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வளைவு38:
மிக்க நன்றி. பெல்ட் இல்லை. இன்னும் இரண்டு கேள்விகள். நரம்பு மோசமாகிறதா என்று வலியை வைத்து மட்டும் எப்படித் தெரிந்துகொள்வது? கம்பியில் தொங்குவது நல்லதா? போன தடவை காப் கோணம் 35 என்று இருந்தது, அதுவும் பயமாக இருக்கிறது.

இயன்முறை:
35-க்கும் 38-க்கும் பயம் வேண்டாம். ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே 5 பாகை வரை வித்தியாசம் வரும். நாளின் ஒரே வேளையில், நின்ற நிலையில், ஒரே இடத்தில் எடுத்த படங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். எல்3 எலும்பு எல்4 மேல் பக்கவாட்டில் நழுவியிருக்கிறதா என்றும் அதில் பார்க்கச் சொல்லுங்கள், எனக்கு அதுதான் கோணத்தைவிட முக்கியமாகப் படுகிறது. எம்ஆர்ஐ படுத்த நிலையில் எடுப்பது. எடை இறங்கும்போது மட்டும் மூடும் துளை அதில் கொஞ்சம் திறந்தே தெரியும்.

வலியை நம்ப வேண்டாம், பலத்தைப் பாருங்கள். வலி குறைந்து பலமும் குறைந்தால் நரம்பு மோசமாகிறது என்று அர்த்தம். வாரம் ஒரு தடவை, கைக்கெட்டும் தூரத்தில் பிடிமானம் வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஒரு காலால் எழுந்து பாருங்கள். இடது காலால் எத்தனை தடவை, வலது காலால் எத்தனை தடவை என்று குறித்துவையுங்கள். முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரு தொடைச் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். வலம் வாரத்துக்கு வாரம் இளைத்தால், அல்லது படி இறங்கும்போது முழங்கால் மடங்கினால், பயிற்சியை நிறுத்திவிட்டு முதுகெலும்பு அறுவை மருத்துவரிடம் போங்கள். அவர் துளையை மட்டும் பெரிதாக்கலாம் என்றால், உங்கள் வளைவின் உச்சி (அதிகம் புடைத்த இடம்) எங்கே என்று கேளுங்கள். உச்சிக்குப் பக்கத்தில் எலும்பைச் செதுக்கிவிட்டு, அங்குள்ள எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்காமல் விட்டால் வளைவு அங்கே சரிய வாய்ப்பு உண்டு.

அதற்கெல்லாம் முன்னால் வலது இடுப்பு மூட்டையும் ஒருவர் பார்த்துவிடட்டும். மூட்டுத் தேய்மானமும் இதே முன்தொடையில்தான் வலிக்கும். காலுறை போடக் குனியும்போது தொடை இடுக்கில் சுருக்கென்று பிடித்தால் சந்தேகப்படுங்கள்.

கம்பி: பாதம் தரையில் பட்டபடி, முழங்காலை மடக்கி, எடையில் பாதியை மட்டும் கைகளுக்குக் கொடுத்துத் தொங்கலாம், 10-20 நொடி. இறங்கும்போது குதிக்காதீர்கள்; தொங்கித் திறந்த துளை அந்த ஒரு அதிர்ச்சியில் மூடிக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கும் பலகை வேண்டாம், இரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ இருந்தால் நிச்சயமாக வேண்டாம்.