குளிர்னு நெனச்சேன், பி12 குறைஞ்சிருக்கு

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில கணக்கு எழுதுறேன். 46 வயசு. 11 வருஷமா சர்க்கரை. 2020-ல ஆபரேஷனுக்குப் போனப்ப 98 கிலோ, பிஎம்ஐ 39, மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்பிஏ1சி 9.8. ரெண்டு வேளை இன்சுலின் போட்டும் அடங்கல.

"உடம்பு இளைக்கிற ஆபரேஷன் சர்க்கரைக்கு எதுக்கு?"ன்னு கோயம்புத்தூர் டாக்டர்கிட்ட கேட்டேன். பேப்பர்ல வரைஞ்சு காட்டினார். இந்த இரைப்பை பைபாஸ்ல வயித்தோட மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாக்கிடுறாங்க. அங்கிருந்து சாப்பாடு சிறுகுடலோட ஆரம்பப் பகுதியைத் தொடாம கீழே போகுது. அது சீக்கிரமாப் போய்ச் சேர்றதால குடல்ல ஜிஎல்பி-1 ஹார்மோன் நிறைய சுரந்து இன்சுலினைத் தூண்டுதாம். தலையாட்டினேனே தவிர நம்பல.

மூணாம் நாள் காலையில சிஸ்டர் விரல்ல குத்திப் பார்த்தாங்க. 126. முந்தின நாள்ல இருந்து இன்சுலினே போடல. எடை ரெண்டு கிலோகூட குறையாத நேரம் அது. பெட்ல உக்காந்து அழுதுட்டேன்.

ரெண்டாம் மாசம் ஒரு கல்யாண வீட்ல ஆசைப்பட்டு வர்க்கியும் இனிப்பு டீயும் எடுத்தேன். கால் மணி நேரத்துல படபடப்பு, அந்தக் குளிர்லயும் ஜாக்கெட் நனையுற வியர்வை. இனிப்பு வேகமா குடல்ல இறங்குறதால வர்ற டம்பிங்னு சொன்னாங்க. இப்ப டீ சர்க்கரை இல்லாமத்தான்.

நான் எழுத வந்தது வேற. ஒரு வருஷத்துல ஏ1சி 5.9 ஆச்சு. அதான் சரியாயிடுச்சேன்னு விட்டமின் மாத்திரைகளை நிறுத்திட்டேன். ஆயுசுக்கும் சாப்பிடணும்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொல்லித்தான் அனுப்பினாங்க. தப்பு என்னோடது.

2022 மார்கழியில பாதம் பஞ்சு மேல நடக்கிற மாதிரி ஆச்சு. பனிக்கு எல்லாருக்கும் விறைக்கும், அப்படித்தான்னு விட்டுட்டேன். ஒருநாள் தோட்டத்து வழியில இடது செருப்பு கழண்டது தெரியாம நடந்திருக்கேன். பின்னாடி வந்த இலை பறிக்கிற அக்கா கையில செருப்போட ஓடி வந்தாங்க. இங்க ஒரு கிளினிக்ல டெஸ்ட் எதுவும் எடுக்காம "பழைய சர்க்கரை நரம்பு"ன்னு மாத்திரை கொடுத்து அனுப்பினாங்க. அதை இன்னும் மறக்க முடியல. கோயம்புத்தூர்ல பார்த்தா விட்டமின் பி12 அளவு 110தான், ரொம்பக் கம்மி. பைபாஸ் ஆன வயித்துல பி12 சரியா உடம்புல ஏறாது, பல வருஷம் சாப்பிட்ட மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரையும் குறைச்சிருக்கும்னாங்க. ஊசி போட்டு நடை தேறிடுச்சு. வலது பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தேதான் இருக்கு.

பெருமாள்மலையிலிருந்து பதில்:

அக்கா, எங்க அண்ணனுக்கு ஸ்லீவ்ங்கிற இன்னொரு வகை ஆபரேஷன். வயித்துல முக்கால் பங்குக்கு மேல எடுத்துட்டாங்க. 22 வருஷ சர்க்கரைங்கிறதால இன்சுலின் முழுசா நிக்கல, 70 யூனிட் 16 ஆச்சு. கணையம் ரொம்ப நாள் களைச்சுப்போனா அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்னார் டாக்டர். அண்ணனுக்கு அது பெரிய ஏமாற்றம். எனக்கு அந்த 54 யூனிட்டே பெரிசு. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அலமாரியைத் திறந்தேன், விட்டமின் டப்பா சீல் உடைக்காம இருக்கு. ஸ்லீவுக்கும் வேணுமா?

கோத்தகிரி:

கண்டிப்பா வேணும் தம்பி. அடுத்து மதுரைக்கு இறங்குறப்ப பி12, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), விட்டமின் டி, கால்சியம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரியே சாக்ஸைக் கழட்டி, கண்ணை மூடச் சொல்லி, கால் விரலை ஒவ்வொண்ணா பஞ்சால தொடுங்க. எந்த விரல்னு சரியாச் சொல்றாரான்னு பாருங்க.