ஓபிடி போர்ட்: அடாப்டரில் லைட் எரியுது, ஈசியூ மட்டும் பதில் சொல்லல

கரிசல்காடு:

கார் 2014 டீசல் ஹேட்ச்பேக். செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது, என்ன கோடுன்னு பார்க்க முடியல. ஓபிடி போர்ட்டில் (கோளாறுக் கோடு படிக்கிற 16 பின் சாக்கெட்) இஎல்எம்327 புளூடூத் அடாப்டரைச் சொருகினா அதில் சிவப்பு லைட் நிலையா எரியுது, போனோட புளூடூத்தும் அறுபடாம நிக்குது. ஆனா ஆப்பில் "ஈசியூ பதில் இல்லை"ன்னு வருது (ஈசியூன்னா எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்). அடாப்டரை விரலால் மேலே தூக்கிப் பிடிச்சா சில சமயம் இணையுது, கையை எடுத்ததும் போயிடுது. அதே அடாப்டர், அதே ஆப், வேறொரு காரில் ஒழுங்கா வேலை செய்யுது.

இதுவரை பார்த்தது: ஃபியூஸ் நல்லா இருக்கு. 16-ம் பின்னுக்கும் (பேட்டரி பிளஸ்) பாடிக்கும் நடுவில் 12.4 வோல்ட். இந்த போர்ட்டில் முன்னாடி ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் இருந்தது, கழட்டியாச்சு. ஒர்க்‌ஷாப்பில் ஈசியூ மாத்தணும்கிறாங்க. ஸ்டார்ட்டிங், பிக்கப் எதிலும் குறை இல்லை. எந்த வரிசையில் செக் பண்றது?

ஸ்பேனர்செட்:

ஈசியூ பேச்சே எடுக்காதீங்க. எஞ்சின் ஒழுங்கா ஓடுதுன்னா ஈசியூ உயிரோடதான் இருக்கு. தூக்கிப் பிடிச்சா இணையுதுன்னா கோளாறு போர்ட்டுக்கும் அதன் பின்னால் வர ஒரு சாண் ஒயருக்கும் உள்ளேதான்.

முதலில் எர்த் பாருங்க. நீங்க அளந்தது 16-க்கும் பாடிக்கும் நடுவில். அதில் 16 நல்லா இருக்குன்னு மட்டும்தான் தெரியும், எர்த் பின்களான 4-ம் 5-ம் பற்றி ஒண்ணும் தெரியாது. 16-க்கும் 4-க்கும், 16-க்கும் 5-க்கும் தனித்தனியா அளங்க. போர்ட்டை நேரா பார்க்கும்போது அகலமான பக்கம் மேலே இருந்தா, மேல் வரிசை இடமிருந்து வலம் 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. சில கார்களில் போர்ட்டைத் தலைகீழா மாட்டியிருப்பாங்க, அகலமான பக்கத்தை வச்சுத்தான் எண்ணணும்.

மீட்டரை மட்டும் நம்பாதீங்க. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணுக்கு இரண்டு ஒயர் வச்சு 16-க்கும் 4-க்கும் நடுவில் கொடுங்க. பல்பு எரியும்போதே 4-க்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தா எர்த் போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மறுபடி முறுக்கணும். பல்பை 16, 4 தவிர வேற எதிலும் கொடுக்கக் கூடாது. 5 சிக்னல் எர்த், 6, 7, 14 எல்லாம் பேசுற லைன். ஒண்ணே முக்கால் ஆம்பியரை அதில் விட்டா இப்போ நல்லா இருக்கிற ஈசியூவுக்கு நிஜமாவே செலவு வந்துடும்.

பின்பதினாறு:

பல்பு டெஸ்ட் சரிதான், ஆனா இந்தக் கேஸில் அது இரண்டாவது வேலை. கேள்வியிலேயே விடை பாதி இருக்கு: லைட் நிலையா எரியுது, புளூடூத் அறுபடல. 16-ஓ 4-ஓ விட்டு விட்டுத் தொட்டா அடாப்டர் அணைஞ்சு அணைஞ்சு எழும், போனில் புளூடூத்தும் கூடவே விழும். இங்கே கரண்ட் போகுது, பேச்சு மட்டும் போகல. அப்போ சந்தேகப் பட்டியல் 6, 14, 7, 5.

போர்ட்டுக்குள் டார்ச் அடிச்சு எந்தெந்தக் குழியில் உலோகம் இருக்குன்னு பாருங்க. 6, 14 இருந்தா கேன் (காரின் கம்ப்யூட்டர்கள் இரண்டு ஒயரில் பேசிக்கிற முறை). அது இல்லாம 7 மட்டும் இருந்தா கே-லைன் (ஒரே ஒயரில் பேசுற பழைய முறை). அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து எல்லாக் காருக்கும் கேன் கட்டாயம், நம்ம ஊர் 2014 காரில் அப்படி நினைச்சுக்க முடியாது.

கேன் என்றால்: இக்னிஷன் ஆஃப், பேட்டரி நெகட்டிவைக் கழட்டி பத்து நிமிஷம் விடுங்க. 6-க்கும் 14-க்கும் நடுவில் ஓம் அளங்க. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்கு, இரண்டும் பேரலலா இருக்கிறதால சேர்த்தா 60.

60 பக்கம் வந்தா லைன் நலம். 120 வந்தா ஒரு முனை விட்டுப்போச்சு. 40 வந்தா யாரோ மூணாவதா ஒரு 120 ஓமைச் சேர்த்திருக்காங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தா இரண்டு ஒயரும் ஷார்ட். மீட்டர் ஒண்ணுமே காட்டலன்னா போர்ட்டுக்கு வர கிளை ஒயரோ டெர்மினலோ அறுந்திருக்கு. வண்டி நல்லா ஓடுறதால மெயின் லைனில் கோளாறு இருக்க வாய்ப்பு கம்மி, இந்தக் கடைசி வகைதான் வரும்னு என் கணிப்பு. கேட்வே (போர்ட்டுக்கும் உள் லைனுக்கும் நடுவில் நிக்கிற பெட்டி) வச்ச புதுக் கார்களில் இந்த 60 கணக்கு அப்படியே பொருந்தாது, அதையும் சொல்லிடறேன்.

கே-லைன் என்றால் ஓம் அளந்து பயனில்லை. இக்னிஷன் ஆன் பண்ணி 7-க்கும் 4-க்கும் நடுவில் வோல்ட் பாருங்க, பேட்டரி வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிக்கணும். பூஜ்யம் வந்தா லைன் எர்த் ஆகுது, இல்லாட்டி அறுந்திருக்கு. பழைய ஃபோக்ஸ்வாகன், ஆடிகளில் வெளி ஸ்டீரியோவை அப்படியே சொருகி கே-லைனை எர்த் பண்ணிடறது பிரசித்தம். அந்த மாதிரி வண்டியில் முதலில் ஸ்டீரியோ சாக்கெட்டைக் கழட்டிப் பார்க்கணும்.

டெஸ்டர்பல்ப்:

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. மீட்டரோட தடிச்ச புரோப்பைப் போர்ட்டுக்குள் குத்தாதீங்க. அந்தக் குழியில் 1.5 மி.மீ. அகலத் தகடுதான் போகணும். புரோப்பைத் திணிச்சா உள்ளே இருக்கிற ஸ்பிரிங் நாக்கு விரிஞ்சு போயிடும், அப்புறம் எந்த அடாப்டரைப் போட்டாலும் லூஸ்தான். நல்லா இருந்த போர்ட் "செக் பண்ணி" கெட்டுப் போறதுக்கு இதுதான் முதல் காரணம். பழைய ஓபிடி பிளக் ஒண்ணை உடைச்சு அதன் ஆண் பின் ஒண்ணை ஒயரோட எடுத்துக்குங்க. அதைச் சொருகி இழுத்துப் பார்த்தா லேசா பிடிக்கணும். வழுக்கிக்கிட்டு வந்தா அந்த டெர்மினல் விரிஞ்சிருக்கு.

டார்ச் அடிக்கும்போது ஆழத்தையும் பாருங்க. எல்லா டெர்மினலும் ஒரே மட்டத்தில் இருக்கணும். ஒண்ணு மட்டும் 2 மி.மீ. உள்வாங்கி இருந்தா அதன் பூட்டு நாக்கு மடங்கிடுச்சு, அடாப்டரைச் சொருகும் ஒவ்வொரு தடவையும் அது பின்னால் தள்ளப்படுது.

டிராக்கர் வெறும் சொருகல் வகையா, ஒயரில் டி-டேப் (ஒயரை வெட்டாம கடிச்சுக் கிளை எடுக்கிற கிளிப்) கடிச்ச வகையான்னு கேட்டுக்குங்க. டி-டேப் கடிச்ச இடத்தில் இன்சுலேஷன் கிழிஞ்சு, உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். அப்படி இருந்தா பச்சை போற வரைக்கும் வெட்டிட்டு, அதே தடிமன் ஒயர் சேர்த்து, சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் போடணும். 6, 14 இரண்டும் முறுக்கிய ஜோடி. ஒட்டு போட்ட பிறகு அந்த முறுக்கைத் திரும்பக் கொண்டு வாங்க.

கரிசல்காடு:

பார்த்தாச்சு. 6, 14 இரண்டும் இருக்கு, அப்போ கேன். டிராக்கர் சொருகல் வகை, ஒயரில் கடி எதுவும் இல்லை. பல்பு பிரகாசமா எரியுது, எர்த் பக்கம் 0.1 வோல்ட்தான். ஆண் பின் வச்சு முன்பக்கம் அளந்தா 6-14 ஒண்ணும் காட்டல. போர்ட்டைக் கழட்டி, பின்பக்கம் ஒயரோடு ஒட்டி மெல்லிய ஊசி விட்டு அளந்தா 60.3 ஓம். 14-ம் டெர்மினல் மத்ததைவிட உள்ளே போயிருக்கு.

டெஸ்டர்பல்ப்:

ஆள் அகப்பட்டாச்சு. பேட்டரி கழட்டினபடியே இருக்கட்டும். போர்ட்டின் பிளாஸ்டிக் பூட்டுப் பட்டையை நெம்பி விடுவிச்சுட்டு, 14-ம் ஒயரைப் பின்பக்கமா இழுத்தா டெர்மினலோட வரும். ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு தட்டையா படுத்திருக்கும். பிளேடு நுனியால் அதை ஒரு மயிரிழை உயர்த்துங்க. அதிகம் வளைச்சா ஒடிஞ்சிடும். வாய்ப் பக்கத்து ஸ்பிரிங் விரிஞ்சிருந்தா வளைச்சுச் சரிபண்ணாம புது டெர்மினல் போடறதே மேல், வளைச்சது சில மாசத்தில் திரும்ப விரியும். திரும்பச் சொருகும்போது "டிக்"னு சத்தம் வரணும். ஒயரை லேசா இழுத்துப் பாருங்க, வரக்கூடாது. பூட்டுப் பட்டையை மறக்காம அடைங்க. அது முழுசா உட்காரலன்னா ஏதோ ஒரு டெர்மினல் இன்னும் உள்ளே போகலன்னு அர்த்தம். சுத்தம் பண்ண எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் போதும், துரு எடுக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், தூசியை இழுத்துப் பிடிச்சுக்கும்.

ஸ்பேனர்செட்:

எர்த்துன்னு நான் ஓடினது தப்பு, புளூடூத் விஷயத்தைக் கவனிக்கல. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். முழங்கால் இடிக்கிற இடத்தில் போர்ட் இருந்தா, நீளமான அடாப்டர் நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு அதே பின்னைத் திரும்பத் தள்ளும். 30 செ.மீ. எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, பிளக்கைப் போர்ட்டிலேயே விட்டுட்டு அடாப்டரை அந்த முனையில் மாட்டுங்க. போர்ட்டைத் தாங்குற பிராக்கெட் ஒடிஞ்சிருக்கான்னும் கை வச்சுப் பாருங்க.

கரிசல்காடு:

14 உட்கார்ந்தாச்சு, "டிக்" கேட்டது. முன்பக்கமே இப்போ 60.2. ஆப் உடனே இணைஞ்சது. பிராக்கெட்டில் ஒரு பக்கக் கொக்கி ஒடிஞ்சுதான் இருக்கு. கோடு பி0401 வந்திருக்கு, ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடற அமைப்பு) ஓட்டம் குறைவு. அதுக்குத் தனியா கேக்கறேன்.