ஜெபமேசையில் எதை வைக்கலாம்: வெறும் சிலுவை, பாடுபட்ட சுரூபம், கொடி

கேள்வி

எங்கள் ஜெபக்குழுவில் பல சபைகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறோம். நடுவில் ஒரு சிறு மேசை. அதன்மேல் திறந்த வேதாகமம், ஒரு மெழுகுவர்த்தி, உருவம் எதுவும் இல்லாத மரச்சிலுவை. பல ஆண்டுகளாக இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் உறுப்பினர் ஒருவர், காலமான தம் தாயாரின் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசுவின் உருவம் அறைந்த சிலுவையை, கொண்டுவந்து அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார். அருகில் உட்கார்ந்திருந்ததால் அதைக் கவனித்துப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் முத்தமிட்டும் விரலால் தொட்டும் ஆண்டவரின் பாதங்கள் மட்டும் வழவழவென்று தேய்ந்து, ஆணியின் தடம்கூட மறைந்துபோயிருந்தது. எதிரில் இருந்த இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜெபித்தார்.

அந்த மனத்தாங்கல் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. சென்ற வாரம் நாட்டுக்காக ஜெபிக்கும் வேளையில் ஓர் இளைஞர் தேசியக் கொடியை மேசைமேல் விரித்து, அதன்மேல் சிலுவையை வைத்தார். நாற்காலியைத் திருப்பியவர் இம்முறை அசையவில்லை. சுரூபம் கொண்டுவந்தவர்தான் எழுந்து வெளியே போய்விட்டார். இவை இரண்டும் ஒரே கேள்விதானா, வேறு வேறா? வேதத்திலிருந்தும் சபை வரலாற்றிலிருந்தும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

நாற்காலியைத் திருப்பியவரின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அவர் செய்த விதம் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், அவரது மனச்சாட்சி எனக்குப் புரிகிறது. விக்கிரகம் செய்யக் கூடாது என்ற யாத்திராகமம் 20ஆம் அதிகாரக் கட்டளையை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வெண்கலச் சர்ப்பத்தின் கதை. எண்ணாகமம் 21இல் அதைச் செய்யச் சொன்னவர் கர்த்தரே. பாம்பு கடித்தவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். யோவான் 3இல் இயேசு தம்மையே அதற்கு ஒப்பிட்டுப் பேசுகிறார். இவ்வளவு நல்ல பிறப்புள்ள அதே சர்ப்பத்தை, ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டி வந்தபடியால், எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டதாக 2 இராஜாக்கள் 18:4 சொல்கிறது. அவனை அந்த அதிகாரம் கண்டிக்கவில்லை, மெச்சுகிறது.

ஆகவே ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எந்த எண்ணத்தோடு செய்யப்பட்டது என்பதைக் கொண்டு மட்டும் அதற்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. இன்றைக்கு அதன் முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தேய்ந்த பாதங்களைப் பற்றி நீங்கள் உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள்; எனக்கோ அந்தத் தேய்மானமே கவலை தருகிறது.

பதில் 2

நான் கத்தோலிக்கன். தேய்ந்த பாதங்களில் எனக்குத் தெரிவது ஒரு தாயின் செபம். அந்தத் தாய் மரத்திடம் மன்றாடினார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழக்கு புதிதல்ல. கி.பி. 754இல் ஆயர்கள் கூடிய ஹியரேயா சங்கம் திருவுருவங்களைக் கண்டித்தது. 787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் அதைத் தள்ளுபடி செய்து, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு, திருச்சிலுவைக்கும் நற்செய்தி நூலுக்கும் திருவுருவங்களுக்கும் காட்டும் வணக்கம் வேறு என்று பிரித்தது. உருவத்துக்குக் காட்டும் மரியாதை, அந்த உருவம் யாருடையதோ அவரையே சென்று சேர்கிறது என்ற, நான்காம் நூற்றாண்டு ஆயர் புனித பசிலியாரின் வாக்கை அந்தச் சங்கம் துணையாகக் கொண்டது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. நம் மொழியிலோ வாசலில் வந்து நிற்பவருக்கும் வணக்கம் சொல்கிறோம், கடவுளையும் வணங்குகிறோம். பாதிச் சண்டை இந்த ஒரு சொல்லில் இருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சகோதரர் கவனிக்க வேண்டும். திருவுருவங்களை எதிர்த்த பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட கான்ஸ்டான்டிநோபிளின் புனித ஐரீன் ஆலயத்தில், பீடத்துக்கு மேலே பொன் பின்னணியில் ஒரு பெரிய வெறுஞ்சிலுவை இன்றும் இருக்கிறது. உருவங்களை ஒழித்தவர்களாலும் அடையாளத்தை விட முடியவில்லை. 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில், சீர்திருத்தச் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லூத்தர், காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு செபிக்கும்படிதான் எழுதினார். உங்கள் மேசைமேல் இருந்த மரச்சிலுவையை இத்தனை ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்காதது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

பதில் 1 எழுதியவர், மீண்டும்

லூத்தரைப் பற்றிச் சொன்னது உண்மை. எங்களில் பலர் அதை மறந்துவிட்டோம். பசிலியாரைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். அவர் அதைச் சொன்னது பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள உறவை விளக்கும் இடத்தில். அரசனின் உருவத்தை அங்கே உவமையாகத்தான் எடுத்தாள்கிறார். ஆலயச் சுவரில் இருக்கும் ஓவியங்களைப் பற்றிய பேச்சே அங்கில்லை. அந்த வாக்கை இந்த வழக்குக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

பதில் 3

இதுவரை பேச்சு முழுவதும் சுரூபத்தைச் சுற்றியே போகிறது. கொடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் கடினமான பகுதி.

சர்ச்சைக்கு உள்ளாகாத சின்னம் என்று கிறிஸ்தவத்தில் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உரோமையின் பலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சுவர்க்கீறலில், கழுதைத் தலையுள்ள மனிதன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். ‘அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’ என்று கிரேக்கத்தில் கிறுக்கியிருக்கிறது. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று, கேலிக்காக வரையப்பட்ட இதுதான். விசுவாசிகளோ அக்காலத்தில் மீனையும் நங்கூரத்தையும் நல்ல மேய்ப்பனையும் பொறித்துக்கொண்டிருந்தார்கள். சிலுவை என்பது அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்லும் கருவி. அதை மேசையில் வைக்க யாருக்கு மனம் வரும்?

பிறகு கி.பி. 312இல் உரோமைப் பேரரசர் முதலாம் கான்ஸ்டன்டைன் மில்வியப் பாலத்துப் போருக்குப் போனபோது கிறிஸ்துவின் சின்னம் வீரர்களின் கேடயங்களில் ஏறியது. கொடியும் சிலுவையும் சந்தித்த இடம் அதுதான் என்று சொல்லலாம். அதன் மிக மோசமான முடிவை 1930களின் ஜெர்மனியில் பார்க்கிறோம். ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இயக்கத்தார் சிலுவையின் நடுவே நாட்சிகளின் சுவஸ்திகாவைப் பொறித்துத் தங்கள் சின்னமாக்கினார்கள். ஆலயங்களுக்குள் அந்தக் கொடிகள் நுழைந்தன. 1934 மே மாதத்தில் பார்மன் நகரில் கூடிய எதிர்ப்பாளர்கள், சபை செவிகொடுக்க வேண்டிய ஒரே தேவ வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிக்கை வெளியிட்டார்கள். கவனியுங்கள், அவர்கள் சின்னத்தின் வடிவத்தைப் பற்றி வாதாடவில்லை. வளைந்த கைகளையுடைய அதே வடிவம் உரோமைச் சுரங்கக் கல்லறைகளில் கிறிஸ்தவர்களின் கல்லறைகள்மீதும் உண்டு. இன்று அதைச் சொல்லி யாரும் அந்தச் சின்னத்தை ஜெபமேசைக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில், அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதிகள் 1953 முதல் இருந்தார்கள். அவற்றிலிருந்த அந்தக் கூட்டமைப்பின் கொடிகளை 2016இலும் சன்னல்களையே 2017இலும் அகற்றினார்கள். அந்தச் சன்னல்களின் கீழே முழந்தாளிட்ட கறுப்பின விசுவாசிக்கு அது வெறும் கண்ணாடி அல்ல.

எல்லாச் சர்ச்சையும் இப்படிக் கனமானதாக இருப்பதில்லை. 2000இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருநாட்டில் அமர்ந்த நாற்காலியில் தலைகீழ்ச் சிலுவை இருந்ததைக் கண்டு இணையத்தில் பலர் அலறினார்கள். தலைகீழாக அறையப்பட்டார் என்று மரபு கூறும் பேதுருவின் சின்னம் அது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கே ஒரு விளக்கம் போதும். சுவஸ்திகாவுக்கு எந்த விளக்கமும் போதாது. வேறுபாடு, அந்தச் சின்னத்தின் பெயரால் யாராவது நசுக்கப்பட்டார்களா என்பதில் இருக்கிறது.

தேசியக் கொடி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அரசர்களுக்காக மன்றாடும்படி 1 தீமோத்தேயு 2 சொல்கிறது. ஆகவே நாட்டுக்காக ஜெபிப்பதில் தவறே இல்லை. ஆனால் சுரூபம் ஜெபிப்பவரைக் கிறிஸ்துவின் பாடுகளிடம் அழைத்துப்போகும் நோக்கத்தோடு வைக்கப்படுகிறது. கொடியின்மேல் சிலுவையை நிறுத்தும்போது, கிறிஸ்துவை நம் பக்கம் வந்து நிற்கும்படி கேட்பதுபோல ஆகிவிடுகிறது. இளைஞர் அப்படி நினைத்திருக்க மாட்டார். எழுந்து போனவருக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். எனவே இவை ஒரே கேள்வி அல்ல என்பதே என் முடிவு.

பதில் 4

சுருக்கமாக ஒன்று. 1653இல் ரஷ்யத் திருச்சபையின் முதுபெரும் தந்தை நிக்கோன், சிலுவை அடையாளத்தை இரண்டு விரலுக்குப் பதிலாக மூன்று விரலால் இட வேண்டும் என்று ஆணையிட்டார். இரண்டு விரல் கிறிஸ்துவின் தேவ, மனித என்னும் இரு தன்மைகளைக் குறித்தது, மூன்று விரல் திரித்துவத்தைக் குறித்தது; இரண்டையும் இரு தரப்பாரும் விசுவசித்தார்கள். அப்படியிருந்தும் சபை பிளந்தது. பழைய முறையை விடாத, அவ்வாக்கும் என்ற பெயருடைய குரு 1682இல் எரிக்கப்பட்டார். பழைய வழிபாட்டு முறைமேல் இருந்த சாபத்தை மாஸ்கோ திருச்சபை விலக்கிக்கொண்டது 1971இல்தான். மேசையில் எதை வைப்பது என்று தீர்மானிக்கும் முன், வெளியே போனவரையும் நாற்காலியைத் திருப்பியவரையும் தனித்தனியே சந்தித்துப் பேசினீர்களா?

கேள்வி கேட்டவர்

நான்காவது பதிலைப் படித்த பிறகுதான் அந்த வேலையைச் செய்யவில்லை என்பது உறைத்தது. இருவரையும் போய்ப் பார்த்தேன். வெளியே போனவர், தம் தகப்பனார் போரில் இறந்தவர் என்றும், அவரது பெட்டியின்மேல் விரித்திருந்த கொடியைத்தான் அன்று மேசையில் கண்டதாகவும் சொன்னார். மூன்றாவது பதிலில் உள்ள காரணம் அவர் மனத்தில் இல்லவே இல்லை. நாற்காலியைத் திருப்பியவர் அந்தச் சுரூபம் யாருடையது என்று இதுவரை கேட்டதில்லை, சொன்னேன். இந்த வாரம் சுரூபம் மேசையில் இல்லை, அதைக் கொண்டுவந்தவர் தம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தார். கொடியை இளைஞர் மடித்துப் பையில் வைத்திருந்தார். நாற்காலி எங்களை நோக்கித்தான் இருந்தது, அவர் கண்களை மூடியிருந்தாலும்.