பனி தள்ளும்போது 4ஹை: எப்போது போடுவது, எப்போது எடுப்பது?

ரூஜ்கரை:
வணக்கம். ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் பனி தள்ளும் வேலையை இந்தக் குளிர்காலத்துக்கு எடுத்திருக்கிறேன். முக்கால் டன் பிக்கப், முன்னால் 8 அடி பிளேடு. வண்டியில் 2ஹை (பின் சக்கரங்கள் மட்டும் இயங்குவது), 4ஹை (நான்கு சக்கரங்களும்), 4லோ (நான்கும், ஆனால் குறைந்த வேகத்தில் அதிக விசையுடன்) மட்டுமே உண்டு, தேவைக்கேற்பத் தானாக மாறும் ஆட்டோ நிலை கிடையாது. தொடங்கும்போது 4ஹை போட்டால் முடியும்வரை அதிலேயே விட்டுவிடுகிறேன். பாதி இடம் துப்புரவானபின் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பினால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி திணறுகிறது. முன் சக்கரங்கள் துள்ளுகின்றன. பிறகு 2ஹைக்கு மாற்றினாலும் 4ஹை விளக்கு அணைவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டதா?

கராஜ்_அண்ணா:
போகவில்லை, தம்பி. இப்படியே ஓட்டினால் போய்விடும்.

உங்கள் வண்டியில் 4ஹை போட்டதும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகும் ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிக்கொள்கின்றன. ஆனால், திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பனியில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். கறுப்புத் தார் தெரியும் இடத்தில் வழுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளேயும் ஏறுகிறது. விளக்கு அணையாததும் அந்த இறுக்கத்தால்தான். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெதுவாகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், விடுபட்டுவிடும்.

பனி இருக்கும் இடத்தில் தாராளமாக 4ஹை. வெறும் தாரில் வளைய வேண்டுமானால், வளைவதற்கு முன்பே 2ஹை. சுத்தமான சாலையில் வீடு திரும்பும்போதும் 2ஹைதான்.

பாரி_வாசி:
எங்கள் பக்கம் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனி ஒரே இரவில் முழங்காலளவு குவிந்துவிடும். நான் எப்போதும் 4லோ. அதில் என்ன தவறு?

கராஜ்_அண்ணா:
தவறில்லை, ஆனால் எப்போதும் தேவையில்லை. நகராட்சி வண்டி போனபின் நுழைவாயிலை மறித்துக் கிடக்கும் இறுகிய வரப்பு, ஈரம் ஊறிய கனத்த பனி, இவற்றுக்கு 4லோ நல்லது. கியர்பெட்டி அதிகம் சூடேறாது. அதே விசையில் பனிக்கடியில் மறைந்த நடைபாதை விளிம்பில் மோதினால் பிளேடும் சட்டமும் வளைந்துவிடும். ஊர்ந்து போங்கள்.

ரூஜ்கரை தம்பி, பின் பெட்டியில் பாரம் வைத்திருக்கிறீர்களா?

ரூஜ்கரை:
பின்னால் எடுத்தேன், விளக்கு அணைந்துவிட்டது. மிக்க நன்றி அண்ணா. பெட்டி காலி.

கராஜ்_அண்ணா:
அதுதான் பின் சக்கரம் பிடிப்பதில்லை. பல நூறு கிலோ பிளேடு முன்னால் தொங்கும்போது பின்புறம் இலேசாகிவிடுகிறது. மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கும் பின்னால், பெட்டியின் பின்கதவோரமாக அடுக்கி, நகராதபடி கட்டுங்கள். எத்தனை கிலோ என்பது பிளேடு நிறுவனத்தின் கையேட்டில் உங்கள் வண்டிக்கென்றே இருக்கும். பாரம் ஏறினால் மெல்லிய பனிக்கு 2ஹையே பெரும்பாலும் போதும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது வண்டி முற்றாக நிற்கட்டும். பனி தள்ளும் வண்டிகளில் கியர்பெட்டியைக் கொல்வது அந்த அவசரம்தான்.

ரூஜ்கரை:
அடுத்த இடத்துக்கு நெடுஞ்சாலையில் போகும்போது வெப்பமுள் ஏறுகிறதே, அதுவும் இதனாலா?

கராஜ்_அண்ணா:
இல்லை. உயர்த்திய பிளேடு ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறிக்கிறது. பிளேடைச் சற்று இறக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் ஏறினால் கூலண்ட் அளவைப் பார்க்காமல் அடுத்த வேலைக்கு எடுக்காதீர்கள்.